மோட்டார்ப் பந்தயமும் இரண்டு எஜமானர்களும்

2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி சாயங்காலம், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிக் கூடியிருந்த ஜனங்கள் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தார்கள். சாலைகள் அடைக்கப்பட்டிருந்தன, இரவை பகலாக்கும் விளக்குகள் நாட்டப்பட்டிருந்தன, வண்டிகளும் ஓட்டிகளும் ஆயத்தமாக நின்றனர், டிக்கட்டு வாங்கியவர்கள் வந்து சேர்ந்துவிட்டனர். ஆனால், பந்தயப் பாதை அபாயமற்றது என்று சர்வதேச மோட்டார் சம்மேளனம் அளிக்கவேண்டிய சான்றுப் பத்திரம் மாத்திரம் குறித்த நேரத்தில் கைக்கு வரவில்லை. அன்று மத்தியானத்துக்குள் சான்று பெற வேண்டும் என்று கெடு வைத்திருந்த உயர்நீதிமன்றம், அந்தக் கெடுவை இரவு வரையில் நீட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் பயிற்சி ஓட்டம் முதலியவற்றோடு கழிந்தது. பந்தயங்கள் மறுநாள் நடந்தேறின.

காரியம் ஒருவாறு முடிந்துவிட்டபடியால் அதை மறந்துவிடலாம் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சர்க்கார் அனுமதித்த பிறகும், நியாயஸ்தலம் அனுமதித்த பிறகும், பணம் செலவழிந்த பிறகும், ஒரு சங்கத்தின் முத்திரையின்றி ஒரு சக்கரமும் உருளக்கூடாது என்றால், அந்தச் சங்கம் யாது? அதன் அதிகாரம் எங்கிருந்து வந்தது? விழா நடத்துவோருக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் என்ன? இவ்விருவருக்கும் இடையே மனஸ்தாபம் நேரும்போது, சாலைக்குச் சொந்தக்காரர்களாகிய ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தெரியாமல் இன்னொரு பந்தயத்துக்கு நாள் குறிப்பது விவேகமாகாது.

நமது வாசகர்களுக்குத் தேரோட்டம் தெரியாததல்ல. தேரின் அச்சையும் சக்கரத்தையும் சோதித்து, இது ஓடும், இது ஓடாது என்று கூறுகிறவன் ஒருவன். மண்டகப்படிக்குப் பணம் திரட்டி, பந்தல் போட்டு, வாணம் விட்டு, ஊரை அழைக்கிறவர் மற்றொருவர். இருவரும் இல்லாமல் தேர் நகராது. அச்சுச் சரியில்லை என்று தச்சன் சொன்னால், பணம் போட்டவர் எவ்வளவு பெரிய மனிதராயினும் அடங்கித்தான் ஆகவேண்டும். வாணக்காரனுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் தச்சன் தலையிடுவானாகில், அவனையும் ஊர் அடக்கித்தான் ஆகவேண்டும். யாருக்கு எது உரியது என்று வகுத்திராத ஊரில், முதல் மரியாதைச் சண்டையிலே தேர் நடுத்தெருவில் நின்றுபோகிறது. மோட்டார்ப் பந்தய உலகில் 120 வருஷங்களாக நடந்துவரும் சச்சரவும் இதுவேயாகும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கோ கூத்தாடிகள் இரண்டுபட்டு, ஊருக்குத் திண்டாட்டம்.

சங்கத்தின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். நியூ யார்க் ஹெரால்டு பத்திரிகையின் சொந்தக்காரரான ஜேம்ஸ் கோர்டன் பென்னட் என்பவர், 1899-இல் பிரெஞ்சு மோட்டார்ச் சங்கத்திடம் ஒரு கோப்பையை அளித்தார். தேசத்துக்குத் தேசம் போட்டியிட வேண்டும். ஒவ்வொரு தேசத்தின் சார்பாகவும் அத்தேசத்துச் சங்கமே வண்டிகளை அனுப்ப வேண்டும். ஒரு தேசத்துக்கு மூன்று வண்டிகளுக்கு மேல் கூடாது. வென்ற தேசமே அடுத்த பந்தயத்தை நடத்த வேண்டும் என்பவை நிபந்தனைகள். 1904-இல் ஜெர்மனியில் இப்பந்தயம் நடந்தபோது, அங்கே கூடிய பல தேசத்துச் சங்கத்தார் சேர்ந்து ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை நிறுவினர். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் சங்கங்களைத் தன்னுள் அடக்கி, பாரிஸ் நகரில் காரியாலயம் வைத்து, உலகெங்கும் பந்தயங்களுக்கு விதி வகுத்துவரும் சம்மேளனத்தின் வித்து அதுவே. தீவுத்திடலில் நாம் காத்திருந்த காகிதத்தின் பூர்வோத்தரம் இது.

சம்மேளனம் பிறந்த அந்தக் காலத்திலேயே சண்டையும் பிறந்துவிட்டது. உலகிலேயே மோட்டார்த் தொழில் மிகுதியாக வளர்ந்திருந்த தேசம் பிரான்ஸ். அங்கே பல தொழிற்சாலைகள் மூன்று இடங்களுக்காக முட்டிமோதிக்கொண்டன. மெர்ஸிடிஸ் கம்பெனியோ ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் தொழிற்சாலை வைத்திருந்தபடியால், இரண்டு தேசங்களின் பெயராலும் ஆறு வண்டிகள் வரை ஓட்டக்கூடியதாயிருந்தது. "ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு ஆறு, பிரான்ஸ் தேசம் முழுவதற்கும் மூன்றா?" என்று பிரெஞ்சுக்காரர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. தொழிலின் அளவுக்குத் தக்கபடி இடங்களைப் பங்கிட வேண்டும் என்று பிரெஞ்சுச் சங்கம் கோரியது. மற்றத் தேசத்துச் சங்கங்கள் மறுத்தன. 1905-இல் அக்கோப்பைக்குக் கடைசிப் பந்தயம் நடந்தது. 1906 ஜூன் மாதம் 26, 27 தேதிகளில் லெ மான் நகருக்கருகே பிரெஞ்சுச் சங்கம் தன் சொந்த விதிகளின்படி 'கிராண்ட் பிரி' என்னும் பந்தயத்தை நடத்திற்று. ரெனோ வண்டியை ஓட்டிய ஹங்கேரிக்காரரான ஸிஸ் வென்றார். கோப்பை மறைந்தது, கிராண்ட் பிரி நிலைத்தது.

இச்சரித்திரத்திலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. விதியைத் திருத்த வழி வைக்காமல் விதி செய்தவர்கள், விதியையே இழந்தார்கள். கோர்டன் பென்னட் கோப்பையின் நிபந்தனைகள் மோட்டார்த் தொழில் குழந்தையாயிருந்தபோது எழுதப்பட்டவை. குழந்தை வளர்ந்த பிறகும் அதே சட்டையைப் போட வற்புறுத்தினால், கிழிவது சட்டைதான்.

நிற்க. பிற்காலத்தில் சச்சரவின் உருவம் மாறிற்று. டெலிவிஷன் வந்த பிறகு பந்தயம் என்பது பணம் காய்க்கும் மரமாயிற்று. ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஈடுபட்ட வண்டிக் கோஷ்டிகள், பெர்னி எக்கிள்ஸ்டோன் என்பவரின் தலைமையில் ஒரு சங்கமாகத் திரண்டு, பந்தயங்களை விற்கும் உரிமை தங்களுடையதே என்றன. விதி செய்யும் உரிமையும் பந்தயத்தின் உரிமையும் தங்களுடையதே என்று சம்மேளனத்தின் விளையாட்டுப் பிரிவு, ஜான் மாரி பலேஸ்த்ரின் தலைமையில் நின்றது. 1980 ஜூன் 1-ந் தேதி ஸ்பெயின் தேசத்தில் ஹராமா என்னும் இடத்தில் இச்சண்டை முற்றியது. பந்தயத்துக்கு முன் நடக்கும் ஆலோசனைக் கூட்டங்களுக்கு வரத் தவறிய ஓட்டிகளுக்குச் சம்மேளனம் அபராதம் விதித்திருந்தது, அபராதம் கட்டப்படவில்லை, கட்டாதவர்கள் ஓட்டக்கூடாது என்றது சம்மேளனம். பந்தயத்தை நடத்தவிருந்த ஸ்பானிஷ் மோட்டார்ச் சங்கத்தின் நிலை என்னவென்று யோசித்துப் பாருங்கள். சம்மேளனத்துக்கு அது அங்கத்தினர். கோஷ்டிகளுக்கோ அது விருந்தளிப்பவர். டிக்கட்டு விற்றாகிவிட்டது. அச்சங்கம் கடைசியில் சம்மேளனத்தை ஒதுக்கிவிட்டுத் தன் பொறுப்பிலேயே பந்தயத்தை நடத்திற்று. ஃபெராரி, ரெனோ, ஆல்பா ரோமியோ ஆகிய மூன்று கோஷ்டிகள் விலகிப் போயின. ஆலன் ஜோன்ஸ் என்னும் ஆஸ்திரேலியர் முதலில் வந்தார். ஆனால் அந்த வெற்றி உலகப் போட்டிக் கணக்கில் ஏறவேயில்லை.

ஒருவன் ஓடி வென்றான். வென்றதாக ஏடு கூறவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். பார்த்தது பந்தயமே அல்ல என்று பாரிஸிலிருந்து தீர்ப்பு வந்தது. ஆலோசனைக் கூட்டத்துக்குப் போகாத அற்பக் குற்றம் எங்கே, இந்த விளைவு எங்கே! இரு கட்சியாரும் அபராதத்துக்காகப் போராடவில்லை. யார் எஜமானர் என்பதற்காகப் போராடினார்கள். எஜமானத்துவப் போர்கள் எப்போதும் அற்பக் காரணத்தையே கொடியாகப் பிடித்துக்கொண்டு வரும் என்பதை அரசியலில் ஊறிய நமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1981 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் கோஷ்டிகள் தாமாகவே ஒரு பந்தயம் நடத்திப் பார்த்தன. அதுவும் கணக்கில் ஏறவில்லை. தனியே நின்றால் தமக்கு உலகப் போட்டி என்ற கௌரவம் இல்லை என்று கோஷ்டிகள் கண்டன. கோஷ்டிகள் இல்லாவிட்டால் தமக்குப் பந்தயமே இல்லை என்று சம்மேளனம் கண்டது. அந்த ஞானம் பிறந்த பிறகே ராஜி பிறந்தது. 1981 மார்ச் மாதம் கையெழுத்தான உடன்படிக்கைக்கு, சம்மேளனத்தின் காரியாலயம் இருக்கும் பாரிஸ் சதுக்கத்தின் பெயரால் காங்கார்டு ஒப்பந்தம் என்று பெயர். விதியும் விளையாட்டு அதிகாரமும் சம்மேளனத்துக்கு. டெலிவிஷன் முதலிய வியாபாரப் பேச்சுக்கள் கோஷ்டிகளின் சங்கத்துக்கு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் தவறாமல் வருவோம் என்று கோஷ்டிகள் வாக்குக் கொடுக்க வேண்டியது. சாரம் இதுவே.

இவ்வொப்பந்தம் மந்திரக்கோல் அன்று. மறு வருஷமே, 1982 ஏப்ரலில், ஸான் மரீனோ பந்தயத்தைப் பல கோஷ்டிகள் பகிஷ்கரித்தன. பதினான்கு வண்டிகளே புறப்பட்டன. ஆயினும், ஒப்பந்தம் இருந்தபடியால் சண்டைக்கு ஓர் எல்லை இருந்தது. அது காலாவதியாகும்போதெல்லாம் உட்கார்ந்து பேசிப் புதுப்பித்தார்கள். நாற்பது வருஷங்களுக்கு மேலாக அப்பெயர் வழங்கிவருகிறது. எழுதிவைத்த சமாதானம் முறிந்தாலும், முறிந்த இடம் எதுவென்று தெரிந்து ஒட்டவைக்கலாம். வாய்ப்பேச்சுச் சமாதானம் முறிந்தால், எங்கே முறிந்தது என்பதிலேயே அடுத்த சண்டை தொடங்கும்.

ஆனால், அவ்வொப்பந்தத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இரு கட்சிகளின் வேலைகளை அது பிரித்ததே ஒழிய, ஆட்களைப் பிரிக்கவில்லை. வியாபாரப் பக்கத்துக்குத் தலைவரான எக்கிள்ஸ்டோனே பிற்பாடு சம்மேளனத்தில் ஓர் உபதலைவராகவும் அமர்ந்தார். விதி செய்யும் சபையிலும் அவர். விற்பனைக் கடையிலும் அவர். ஐரோப்பியக் கமிஷன் இவ்விஷயத்தை ஆராய்ந்து, 1999-இல் தன் ஆட்சேபங்களைத் தெரிவித்தது. விதியை வகுக்கும் ஸ்தாபனம், தன் வியாபாரத்துக்குப் போட்டியாக வரும் பந்தயங்களைத் தடுக்க அவ்விதிகளையே ஆயுதமாக்கலாகாது என்பது அதன் கருத்து. 2001-இல் சம்மேளனம் வியாபாரத்திலிருந்து விலகி விதிகாப்போனாக மட்டும் இருக்க இசைந்த பிறகே விவகாரம் முடிந்தது. வியாபார உரிமைகள் 2011 முதல் 2110 வரை நூறு வருஷத்துக்கு, முப்பது கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்குக் குத்தகையாயின. விலை போதுமா, நூறு வருஷம் தகுமா என்பன வேறு கேள்விகள். நமக்கே அவற்றில் சந்தேகம் உண்டு. ஆனால் கமிஷன் கொண்ட தத்துவம் பழுதற்றது. வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் யாருக்கு?

இத்தத்துவத்துக்குச் சமீபத்தில் நேர்ந்த சோதனையையும் கவனிப்போம். புதிய கோஷ்டிகள் விண்ணப்பிக்கலாம் என்று 2023-இல் சம்மேளனம் அழைத்தது. அமெரிக்காவின் ஆண்ட்ரெட்டி கோஷ்டியைப் பரிசோதித்து, தகுதியுடையது என்று அவ்வருஷம் அக்டோபரில் ஒப்புக்கொண்டது. ஆனால் வியாபார உரிமை பெற்ற கம்பெனி, 2024 ஜனவரி 31-ந் தேதி, இக்கோஷ்டியால் பந்தயத்தின் மதிப்பு உயராது என்று கூறி மறுத்துவிட்டது. தச்சன் அச்சுச் சரி என்றான். உண்டியல்காரர் தேரை நிறுத்தினார்! அப்போதிருந்த பத்துக் கோஷ்டிகள் பரிசுப் பணத்தைப் பங்கிட்டுக் கொண்டன. பதினோராவது வந்தால் பங்கு சுருங்கும். அதற்கு ஈடாகப் புதியவர் 20 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று அப்போதிருந்த ஒப்பந்தம் விதித்திருந்தது; அது போதாது என்பது பழைய கோஷ்டிகளின் அபிப்பிராயம். அவர்கள் பக்கத்தில் நியாயமே இல்லையென்று நாம் கூறவில்லை. பல வருஷம் நஷ்டப்பட்டு வளர்த்த தோட்டத்தில், பழம் பழுத்த பிறகு வருகிறவன் விலை கொடுத்துத்தான் வரவேண்டும். ஆனால், மறுத்தவர் கூறிய காரணம் சரியா, தவறா என்று கேட்டுத் தீர்ப்புக் கூற மூன்றாமவர் ஒருவர் இருந்தாரா? இல்லை. ஆகவே விவகாரம் அமெரிக்கக் காங்கிரஸ் சபையார் வரையில், அந்நாட்டு நீதி இலாகாவின் விசாரணை வரையில் சென்றது. 2024 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் காடிலாக் பெயரால் இணக்கம் ஏற்பட்டது. 2026 முதல் களமிறங்க 2025 மார்ச்சில் அனுமதி உறுதியாயிற்று. ஒரு வருஷத்தில் கிடைத்த முடிவு, நடுவர் ஒருவர் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் கிடைத்திருக்கலாம்.

இவையெல்லாம் தூர தேசத்துச் செல்வர்களின் வழக்கு. நமக்கென்ன என்று கேட்கக்கூடும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-இல் அவரைத் தொடர்ந்தார். தமிழ்நாட்டில் மோட்டார்ப் பந்தயம் நேற்று முளைத்ததன்று. 1953-இல் ஏற்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம், சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தி, பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே பாதை அமைத்துக்கொண்டது. சங்கமே நிலத்துக்குச் சொந்தக்காரராய், சங்கமே விழா நடத்துவோராய் இருக்குமிடத்தில் சண்டைக்கு இடம் குறைவு. பந்தயம் நகரத் தெருவுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில், தெரு சங்கத்தாருடையதுமல்ல, விழாக்காரருடையதுமல்ல. அங்கே மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நோயாளியும், வேலை முடிந்து வீடு திரும்புகிற தொழிலாளியும், வரி கொடுக்கிற குடியானவனும் சேர்ந்த கட்சி அது. 2024 பந்தயத்தின்போது, சர்க்கார் செலவிட்ட பணத்தை யார் ஏற்பது என்ற கேள்வியே நியாயஸ்தலத்துக்குப் போயிற்று என்பதை மறக்கலாகாது.

வட நாட்டில் நடந்ததும் நமக்குப் பாடமாகும். டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் புத்தர் பெயரால் அமைந்த பாதையில் 2011, 2012, 2013 ஆகிய மூன்று வருஷங்கள் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது; மூன்றிலும் ஜெர்மானியரான செபாஸ்டியன் வெட்டல் வென்றார்; அதன்பின் பந்தயம் நின்றுவிட்டது. வரித் தகராறு அதற்கு ஒரு முக்கிய காரணம். பந்தயத்தின் வியாபார உரிமை பெற்ற அந்நியக் கம்பெனி, தான் உரிமையை மட்டுமே வழங்கியதாகவும், இந்தியாவில் தனக்கு ஸ்திரமான தொழிலிடம் இல்லையென்றும் வாதித்தது. 2017 ஏப்ரலில் நமது சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. பந்தய நாட்களில் களம் யாருடைய ஆதிக்கத்தில் இருந்தது என்று பார்த்து, ஆதிக்கம் இருந்தபடியால் வரியும் உண்டு என்று தீர்த்தது. நாட்கள் சில என்பதால் பொறுப்பு நீங்காது. இத்தீர்ப்பை வரிச் சட்டத்தோடு நிறுத்திவிடலாகாது என்பது நமது துணிபு. களம் எவன் கையில் இருக்கிறதோ, பொறுப்பும் அவன் தலையில்தான். சங்கமாயினும், கம்பெனியாயினும், சர்க்காரேயாயினும் இதுவே விதியாக வேண்டும்.

இங்கே இருவகை ஆட்சேபங்கள் எழக்கூடும். எல்லாவற்றையும் சங்கத்தாரிடமே விட்டுவிட்டால் தகராறே இராது என்பர் சிலர். சிறு பந்தயங்களுக்கு அது பொருந்தும். ஆனால் சங்கம் கடையும் வைத்துக்கொண்டால், நாளடைவில் விதிப் புத்தகத்தின் மேல் கல்லாப்பெட்டியின் நிழல் விழும்; ஐரோப்பியக் கமிஷன் கண்டது அந்நிழலையே. பணம் போடுகிறவரிடமே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்பர் வேறு சிலர். பணம் போடுகிறவன் கூட்டத்தைப் பார்ப்பான், வளைவிலுள்ள தடுப்புச் சுவரைப் பார்ப்பானா? 1903-இல் பாரிஸிலிருந்து மாட்ரிட் நகருக்கு நடந்த பந்தயத்தில், காவலற்ற சாலைகளில் ஜனத்திரளுக்கு நடுவே வண்டிகள் பாய்ந்து, ஓட்டிகளும் வேடிக்கை பார்த்தவர்களும் மாண்டு, போர்டோ நகரிலேயே பந்தயம் நிறுத்தப்பட்டது. ரெனோ சகோதரர்களில் ஒருவரான மார்ஸெலும் அதில் உயிர் நீத்தார். சான்றுக் காகிதத்தின் அருமை, அது இல்லாத நாளில்தான் விளங்கும்.

ஆகவே நாம் கூறுவது இது. முதலாவது, விதி செய்யும் சங்கத்தில் அதிகாரம் வகிப்பவர் எவரும் விழாக் கம்பெனியில் பங்கோ பதவியோ வகிக்கக் கூடாது. இரண்டாவது, பாதையைச் சோதித்துச் சான்று அளிப்பதற்குப் பந்தய தினத்துக்கு முன்னதாகவே ஒரு நாள் குறிக்க வேண்டும். அந்நாளில் சான்று கிடைக்காவிடில் பந்தயத்தை ஒத்திவைக்க வேண்டுமேயல்லாமல், ஜனங்கள் கூடிய பிறகு நியாயஸ்தலத்தின் வாசலில் மணி எண்ணிக்கொண்டிருக்கலாகாது. மூன்றாவது, சங்கத்தார் ஒருவர், விழாக்காரர் ஒருவர், இருவருக்கும் பொதுவாக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கொண்ட மத்தியஸ்த சபையை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். சச்சரவு எழுந்தால் குறித்த நாட்களுக்குள் காரணம் காட்டி அது தீர்ப்புக் கூற வேண்டும். நான்காவது, பொதுப்பணம் ஒரு காசு செலவானாலும், வரவு செலவுக் கணக்கு விழா முடிந்தவுடன் பிரசுரமாக வேண்டும்.

இவற்றில் புதுமை எதுவுமில்லை. பஞ்சாயத்து நடத்தும் எந்தக் கிராமத்தாரும் அறிந்தவையே. வெளிநாட்டுச் சம்மேளனத்தின் முத்திரைக்கு நாம் காத்திருப்பது அவமானம் என்று சிலர் மனம் புழுங்குவதையும் கேட்டிருக்கிறோம். எல்லா நாட்டாரும் சேர்ந்து செய்துகொண்ட விதிக்கு நாமும் உட்படுவதில் அவமானம் இல்லை. அவ்விதி இன்னதென்று முன்னரே தெரிந்திருந்தும், கடைசி மணி நேரம் வரை ஆயத்தமாகாமலிருப்பதே அவமானம். விதி செய்யும் சபைகளில் நமது குரல் வலுக்க வேண்டுமானால், முதலில் நமது களத்தில் நமது ஒழுங்கு வலுக்க வேண்டும்.

சங்கத்தாரும் விழாக்காரரும் பகைவரல்லர். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வாழ்வில்லை என்பதை ஹராமாவில் இழந்த பந்தயம் இருவருக்கும் கற்பித்தது. அப்பாடத்தை நமது செலவில் மறுபடியும் கற்க வேண்டுமா? தேர் புறப்படும் முன்பே வடத்தை யார் யார் எந்தெந்தப் பக்கம் பிடிப்பது என்று பேசி எழுதிக்கொள்வார்களானால், அது நிலைக்கு வந்து சேரும். அடுத்த பந்தயத்துக்கு நாள் குறிக்கப்படுவதற்கு முன்னரே அவ்வெழுத்து எழுதப்பட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.